நாட்டைப் பூட்டினால் சர்வர் பத்திரமா?

நம்ம ஊர் அரசு இணையதளங்கள் பலவற்றை வெளிநாட்டில் இருந்து திறக்க முடியறதில்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ டொரண்டோவிலோ சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க. ஒண்ணு, பக்கம் சுத்திக்கிட்டே இருந்து கடைசியில் நின்னுபோகும். இல்லாட்டி 403 என்ற எண்ணோட ஒரு வெள்ளைப் பக்கம் வரும். தளம் படுத்துடுச்சு, நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டுடறவங்கதான் அதிகம். தளம் நல்லாத்தான் இருக்கு. சர்வருக்கு முன்னால் நிற்கிற ப்ராக்ஸி, வர்றவங்களோட ஐ.பி. முகவரியைப் பார்த்து, "இது இந்தியா இல்லை" என்று முடிவு பண்ணி, வாசலிலேயே திருப்பி அனுப்பிடுது.

இதைக் கேட்டா வர்ற பதில் எப்பவும் ஒரே சொல்தான்: பாதுகாப்பு. வெளிநாட்டில் இருந்துதான் தாக்குதல் வருது, அதனால் வெளிநாட்டையே மூடிட்டோம். கேட்க நியாயமா இருக்கு. கொஞ்சம் உட்கார்ந்து யோசிச்சா, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் ஞாபகம் வருது. இதில் கூடுதல் சோகம், வீடு எரிஞ்சும் மூட்டைப்பூச்சி சாகலை.

எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் மூணு புகார். இது தடுக்க வேண்டியதைத் தடுக்கறதில்லை. உள்ளே விட வேண்டியவங்களை வெளியே நிறுத்துது. செய்ய வேண்டிய உண்மையான வேலையைச் செஞ்சாச்சு என்ற நினைப்பை நிர்வாகிக்குக் கொடுத்துடுது. மூணாவதுதான் மோசம் என்பது என் எண்ணம். ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

முன்வாசலும் மணல் பக்கமும்

முதல்ல ப்ராக்ஸி என்ன செய்யுதுன்னு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். தளத்தின் கோப்புகளும் தரவும் இருக்கிற கணினியை மூல சர்வர்னு வெச்சுக்குவோம். அதை நேரா இணையத்தில் வைக்காம, முன்னால் இன்னொரு சர்வரை நிறுத்துவாங்க. அது சொந்தமா ஓட்டற என்ஜின்எக்ஸா இருக்கலாம், கிளவுட்ஃபிளேர் மாதிரி ஒரு நிறுவனத்தோட சேவையா இருக்கலாம். வர்ற ரிக்வெஸ்ட் எல்லாம் முதல்ல அங்கே போகும். அது பார்த்து, வடிகட்டி, வேணுங்கிறதை மட்டும் பின்னால் அனுப்பும். டி.என்.எஸ்-ல தளத்தின் பேரைக் கேட்டா ப்ராக்ஸியோட முகவரிதான் கிடைக்கும். மூல சர்வரோட முகவரி யாருக்கும் தெரியாது என்பது எதிர்பார்ப்பு.

நொச்சிக்குப்பம் தெரிஞ்சவங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கறது சுலபம். கலங்கரை விளக்கத்தில் இருந்து பட்டினப்பாக்கம் போற லூப் ரோடு ஊரைத் தொட்டுக்கிட்டுப் போகுது. ஒரு பக்கம் குடியிருப்பு, மறுபக்கம் மணல், படகு, கடல். லூப் ரோட்டில் ஒரு செக்போஸ்ட் போட்டு, வர்ற வண்டி எல்லாத்தையும் நிறுத்தி ஆதார் அட்டை பார்க்கறீங்கன்னு வெச்சுக்குங்க. ரோட்டில் வர்றவன் மாட்டுவான். மெரினா மணல் வழியா நடந்து வர்றவனையும் படகில் வந்து இறங்கறவனையும் அந்த செக்போஸ்ட் பார்க்கவே பார்க்காது. குப்பத்துக்கு ரோட்டுப் பக்கம் ஒரு வாசல்னா கடல் பக்கம் முழுக்கவே வாசல்தான்.

மூல சர்வருக்கும் அப்படி ஒரு மணல் பக்கம் உண்டு. அது தன் சொந்த ஐ.பி. முகவரியில் 80, 443, 8080 மாதிரி போர்ட்களைத் திறந்து வெச்சிருந்தா, முகவரி தெரிஞ்ச யாரும் ப்ராக்ஸி பக்கமே வராம நேரா வந்து நிற்கலாம். ப்ராக்ஸியில் போட்ட நாட்டுத் தடை, வேகக் கட்டுப்பாடு, தாக்குதல் வடிகட்டி எதுவும் அங்கே வேலை செய்யாது.

"முகவரிதான் யாருக்கும் தெரியாதே" என்பாங்க. 2013-ல மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஸீமேப் என்று ஒரு கருவி வெளியிட்டாங்க. சாதாரண கணினி ஒண்ணும் ஒரு கிகாபிட் இணைப்பும் இருந்தா, ஐ.பி.வி4 முகவரிப் பரப்பு முழுசையும் 45 நிமிஷத்துக்குள்ள தட்டிப் பார்க்கலாம்னு செஞ்சே காட்டினாங்க. மொத்தம் கிட்டத்தட்ட 430 கோடி முகவரி. இன்னைக்கு ஷோடான், சென்சிஸ் மாதிரி சேவைகள் இதையே தினசரி வேலையாச் செஞ்சு, எந்த முகவரியில் எந்தத் தளத்தோட சான்றிதழ் இருக்குன்னு தேடற வசதியோட கொடுக்கறாங்க. ப்ராக்ஸி போடறதுக்கு முன்னால் இருந்த டி.என்.எஸ். பதிவுகளைச் சேமிச்சு வெச்சிருக்கற சேவைகளும் இருக்கு. தளம் அனுப்பற மின்னஞ்சலின் தலைப்பிலேயே சர்வர் முகவரி எழுதியிருக்கறதும் சகஜம். முகவரி ரகசியம் என்பதை நம்பி வீட்டைத் திறந்து போட முடியாது.

திறந்திருக்கறது ஏன் தெரியறதில்லை

இந்தப் பின்வாசலை யாரும் வேணும்னே திறந்து வைக்கறதில்லை. அது தானாத் திறந்துக்கும். மூணு காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

ஒண்ணு, செயலி 0.0.0.0 என்ற முகவரியில் காது கொடுத்துக்கிட்டு இருக்கும். அதுக்கு "எல்லாப் பக்கமும் கேள்" என்று அர்த்தம். ப்ராக்ஸி அதே கணினியில் இருந்தா 127.0.0.1 போதும். அது அந்தக் கணினிக்குள்ள மட்டும் கேட்கற முகவரி. பல மென்பொருள் நிறுவும்போதே முதல் வகையில்தான் வருது.

ரெண்டு, டாக்கர். உபுண்டுவில் ஃபயர்வால் போட்டு 8080-ஐ மூடிட்டோம்னு நிம்மதியா இருப்பாங்க. ஆனா டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே காட்டும்போது, தானே ஐ.பி.டேபிள்ஸ் விதிகளை எழுதிக்கும். யூ.எஃப்.டபிள்யூ என்ற ஃபயர்வால் போட்ட விதியைத் தொடாத ஒரு பாதையில் அது போயிடும். ஃபயர்வால் "மூடியிருக்கு" என்று காட்டும், போர்ட் திறந்தே இருக்கும். டாக்கரின் கையேட்டிலேயே இதை எழுதி வெச்சிருக்காங்க. படிக்கறவங்க குறைவு.

மூணு, ஐ.பி.வி6. பழைய முகவரி முறைக்கு எழுதின விதி புதிய முறைக்குத் தானா வராது. வாடகை சர்வர்களில் பலவற்றுக்கு ரெண்டு முகவரியும் சேர்ந்தே கிடைக்குது. நிர்வாகி ஒரு கதவைப் பூட்டிட்டு இன்னொரு கதவு இருக்கறதையே மறந்துடுவார்.

"சரி, கிளவுட்ஃபிளேரோட முகவரிகளில் இருந்து வர்றதை மட்டும் உள்ளே விடறோம்" என்று ஒரு படி மேலே போறவங்க உண்டு. நல்லதுதான், ஆனா முடிஞ்சுடலை. கிளவுட்ஃபிளேர் ஊருக்கே பொதுவான சேவை. அதில் யாரும் கணக்கு திறக்கலாம். உங்க மூல சர்வரோட முகவரி தெரிஞ்ச ஒருத்தர், தன் கணக்கில் தன் தளத்தை உங்க முகவரிக்குத் திருப்பி வெச்சா, அவரோட ரிக்வெஸ்ட்டும் கிளவுட்ஃபிளேர் முகவரியில் இருந்துதான் வரும். நீங்க போட்ட தடை எதுவும் அவர் கணக்கில் இருக்காது. சான்றிதழ் கேட்டுச் சரிபார்க்கற வசதியை இயக்கினாலும், முன்னிருப்பா வர்ற சான்றிதழ் எல்லா வாடிக்கையாளருக்கும் பொது. 2023-ல ஒரு ஆஸ்திரியப் பாதுகாப்பு நிறுவனம் இதை விளக்கமா எழுதினாங்க. உங்க தளத்துக்கென்று தனிச் சான்றிதழ் வைக்கணும், அல்லது சர்வரே உள்ளிருந்து வெளியே போய் இணைப்பைப் பிடிக்கற சுரங்க முறையை எடுத்துக்கணும். பிந்தினதில் வெளியே திறந்த போர்ட்டே தேவையில்லை.

இதில் எந்த வேலையும் "எந்த நாடு" என்ற கேள்விக்குள்ள வரவே இல்லை பாருங்க.

வந்தது யாரு?

ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கற சர்வருக்கு இன்னொரு தலைவலி. அதுக்கு வர்ற எல்லா ரிக்வெஸ்ட்டும் ப்ராக்ஸியோட முகவரியில் இருந்துதான் வருது. நிர்வாகப் பக்கத்தை அலுவலக முகவரிக்கு மட்டும்னு மூல சர்வரில் விதி எழுதினா, ரெண்டில் ஒண்ணு நடக்கும்: அலுவலகத்தில் இருக்கறவருக்கும் கதவு திறக்காது, அல்லது ப்ராக்ஸியை நம்பின பாவத்துக்கு உலகத்துக்கே திறக்கும்.

ரெண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் 2016 தொடக்கத்தில் வெளியே வந்தது. டார் வலைப்பின்னலில் ஒளிஞ்சிருக்கற தளங்களைப் பலர் அப்பாச்சி சர்வரில் ஓட்டினாங்க. அப்பாச்சியில் சர்வர் நிலவரத்தைக் காட்டற ஒரு பக்கம் உண்டு. அதே கணினியில் இருந்து கேட்டா மட்டும் காட்டும். டார் மென்பொருளும் அதே கணினியில்தான் ஓடுது. அதனால் உலகத்தின் எந்த மூலையில் இருந்து கேட்டாலும், அப்பாச்சிக்கு அது வீட்டுக்குள்ள இருந்து வந்த குரல். ரகசியத்துக்காகவே கட்டின தளம், தன் உள் விவரத்தை வந்தவனுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டிக்கிட்டிருந்தது.

இதுக்கு மருந்தா எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பு இருக்கு. உண்மையில் கேட்டவரோட முகவரியை ப்ராக்ஸி அதில் எழுதி அனுப்பும். ஆனா அதே தலைப்பைக் கேட்கறவரும் தன் விருப்பப்படி எழுதி அனுப்ப முடியும். ப்ராக்ஸி அதுக்குப் பின்னால் தன் பங்கைச் சேர்க்கும். அந்த வரிசையில் முதல் முகவரியை அப்படியே நம்பற செயலி, எதிராளி சொன்ன பேரை ஆதாரமா எடுத்துக்குது. கடைசியில் இருந்து பின்னோக்கி, தனக்குத் தெரிஞ்ச ப்ராக்ஸிகளைக் கழிச்சுக்கிட்டு வந்து, முதல்ல வர்ற தெரியாத முகவரியைத்தான் எடுக்கணும். என்ஜின்எக்ஸிலும் அப்பாச்சியிலும் இதுக்கு அமைப்பு இருக்கு. எந்த ப்ராக்ஸியை நம்பணும்னு நாமதான் எழுதிக் கொடுக்கணும். அதுக்கு மேல, மூல சர்வர் நேராத் திறந்திருந்தா இந்தத் தலைப்பில் எதை வேணும்னாலும் எழுதிக்கிட்டு வரலாம். இந்திய முகவரி ஒண்ணை எழுதிக்கிட்டு வந்தா நாட்டுத் தடையும் தாண்டியாச்சு. எல்லாம் மறுபடியும் அந்த மணல் பக்கத்துக்கே வந்து நிற்குது.

ஐ.பி. முகவரிக்கு நாடு உண்டா?

தடைக்கு அடிப்படையே ஐ.பி. முகவரியை வெச்சு நாட்டைச் சொல்ற பட்டியல்கள்தான். அந்தப் பட்டியல் ஒரு ஊகம். பெரும்பாலும் சரியா இருக்கற ஊகம், ஆனா ஊகம்தான். மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், அமெரிக்காவில் இருக்குன்னு மட்டும் தெரிஞ்சு ஊர் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் குறிச்சு வெச்சிருந்தது. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கிட்ட விழுந்தது. 60 கோடி முகவரிகள் அந்த வீட்டைக் காட்டினதால், வருஷக்கணக்கா போலீஸும் கடன்காரரும் திருட்டைத் தேடி வந்தவங்களும் அங்கே கதவைத் தட்டினாங்க. 2016-ல பத்திரிகையில் வந்த பிறகுதான் புள்ளியை ஒரு ஏரிக்குள்ள மாத்தினாங்க.

நம்ம நாட்டுக் கதை இதைவிட சுவாரசியம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வெச்சிருக்கணும் என்பது அதில் ஒண்ணு. அதே ஜூனில் எக்ஸ்பிரஸ் வி.பி.என். இந்தியாவில் இருந்த தன் சர்வர்களை எடுத்துட்டுப் போயிடுச்சு, மத்த சிலரும் பின்னால் போனாங்க. ஆனா "இந்தியா" என்ற தேர்வு மட்டும் செயலியில் அப்படியே இருந்தது. இந்திய முகவரி, கணினி இருக்கறது சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும். அதாவது, இந்தியாவுக்குள்ள காலே வைக்காம இந்திய முகவரி வாங்கறது மாசம் சில நூறு ரூபாய் விஷயம். தாக்க வர்றவன் அந்தச் செலவுக்கு யோசிப்பானா?

காசு கொடுக்கவும் வேண்டியதில்லை. 2016-ல மிராய் என்ற தீநிரல், முன்னிருப்பு பாஸ்வேர்ட் மாத்தப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடிச்சு ஆயுதமாக்கினது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரிச் சாதனம் இல்லாத நாடு கிடையாது. நம்ம தெருக்கோடி மளிகைக் கடையில் மாட்டியிருக்கற கேமரா கெட்டுப்போனா, அதில் இருந்து வர்ற தாக்குதல் சுத்தமான இந்தியத் தாக்குதல். தடை அதுக்கு வழி விட்டு நிற்கும்.

நடந்ததெல்லாம் எப்படி நடந்தது

கொள்கையா பேசறதை விட நடந்ததைப் பார்க்கலாம்.

2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்த செய்தி வந்தது. முதல் நாள் மறுப்பு. மறுநாள், 30-ஆம் தேதி, அணுமின் கழகம் ஒத்துக்கிட்டது: நிர்வாக வேலைக்கான, இணையத்தோட இணைஞ்ச ஒரு கணினியில் தொற்று இருந்தது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அதில் இருந்து தனியாப் பிரிஞ்சிருந்ததால் பாதிக்கப்படலைன்னு சொன்னாங்க. காப்பாத்தினது அந்தப் பிரிப்புதான்.

2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை முடங்கினது. 5 சர்வர்கள், 1.3 டெராபைட் தரவு பூட்டுப்பட்டது. நோயாளிகளுக்குச் சீட்டு கையில் எழுதிக் கொடுத்தாங்க. மாநிலங்களவையில் அமைச்சர் கொடுத்த பதிலில் சொன்ன காரணம், நெட்வொர்க் சரியாப் பிரிக்கப்படலை என்பது. ஒரு அறையில் நுழைஞ்சவன் எல்லா அறைக்கும் போக முடிஞ்சது.

2024 மே மாசம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தில் ஊடுருவல். ஒரு நிர்வாகக் கணக்கின் பாஸ்வேர்ட் களவு போனதுதான் வழி என்று காவல்துறைத் தரப்பில் விளக்கம் வந்தது. சாவி கையில் இருக்கறவனுக்கு மதில் எதுக்கு?

மூணிலும் பாடம் ஒண்ணுதான். உள்ளே அறைகளைப் பிரிக்கறதும், சாவியைக் காப்பாத்தறதும், ரெண்டாவது பூட்டு போடறதும் எந்த நாட்டு முகவரி என்பதைவிட பல மடங்கு முக்கியம். வாசலில் "வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை" பலகை மாட்டறது ஒரு மணி நேர வேலை. இதெல்லாம் மாசக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. பலகை மாட்டினதும் அறிக்கையில் ஒரு பெட்டியில் டிக் விழுந்துடுது. அந்த டிக்தான் எனக்குப் பயம்.

வெளியே நிற்கறது யாரு

இனி உள்ளே வர முடியாம நிற்கறவங்க பக்கம் வருவோம். நொச்சிக்குப்பத்தில் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். அம்மா மீன் விற்கறாங்க. பையன் வளைகுடாவில் ஒப்பந்தத்தில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கறான். அவன் பேரில் போட்ட ஒரு விண்ணப்பத்தின் நிலவரத்தை ஒரு அரசுத் தளத்தில் பார்க்கணும். எந்தத் துறைன்னு இங்கே தேவையில்லை. அங்கே இருக்கற வைஃபையில் தளம் திறக்கலை. இந்திய சிம்மில் ரோமிங் போட்டா திறக்குது. ரோமிங்கில் டேட்டா பெரும்பாலும் இந்திய கம்பெனியோட நெட்வொர்க்குக்கு வந்துதான் வெளியே போகும், அதனால் இந்திய முகவரி கிடைச்சுடும். அதே பையன், அதே படகு, அதே ஃபோன். காசு இருந்தா இந்தியன், இல்லாட்டி வெளிநாட்டுக்காரன்.

தினம் ரோமிங் போட முடியுமா? பயனர் பேரையும் பாஸ்வேர்டையும் வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினான். அம்மாவுக்கு அது புரியாது, பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொடுத்தாங்க. சென்டர்காரர் நோட்டில் எழுதிக்கிட்டார், அடுத்த தடவை கேட்க வேண்டாமே என்று. ஓ.டி.பி. வந்தா மகன் ஃபோனில் சொல்ல, அம்மா சத்தமாத் திருப்பிச் சொல்ல, கடையில் இருந்த எல்லாரும் கேட்டாங்க. அவங்க மேல் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். தளம் விட்டுவெச்ச ஒரே வழி அதுதான். பாதுகாப்புக்குன்னு போட்ட தடை, ஒரு குடும்பத்தோட பாஸ்வேர்டை கடை நோட்டுக்கு அனுப்பி வெச்சது. இதைத் தெரியாத இலவச வி.பி.என். செயலி வழியாச் செய்யறவங்க எத்தனை பேர்! அந்தச் செயலி நடத்தறது யாருன்னு யாருக்குத் தெரியும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 3-இல் உரிமையை குடிமக்கள் எல்லாருக்கும் கொடுக்குது. பிரிவு 4, அரசு தானா முன்வந்து இணையம் உட்பட பல வழியில் தகவலை வெளியிடணும்னு சொல்லுது. ரெண்டிலும் முகவரிப் பட்டியல் பத்தி ஒரு வார்த்தை இல்லை. படகில் இருக்கற பையன் குடிமகன்தான். அவன் உரிமை கடல் தாண்டினதும் கரைஞ்சுடாது.

யாரு வெளியாள் என்ற கேள்வி அந்த ஊருக்குப் புதுசில்லை. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன் கடைகளால் போக்குவரத்து நெரிசல்னு சென்னை உயர் நீதிமன்றம் தானா வழக்கெடுத்து, மாநகராட்சி கடைகளை அகற்ற வந்தப்போ மீனவர்கள் சொன்ன வாதம் ஞாபகம் இருக்கு: வலை காயப்போட்ட எங்க மணலில் ரோடு வந்தது, ரோட்டில் நாங்க வரலை. 2024 ஆகஸ்டில் 366 கடையோட புது மீன் அங்காடி திறந்தாங்க. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள்ள இங்கே போகலை. ரோட்டின் கோணத்தில் மட்டும் பார்த்தா, சொந்தக்காரனும் ஆக்கிரமிப்பாளனாத் தெரிவான். ஐ.பி. பட்டியலின் கோணமும் அதே மாதிரிதான்.

எதிர்த்தரப்பின் நியாயம்

தடை போடறவங்க முட்டாள்கள் இல்லை. ரெண்டு பேர் உள்ள குழு, நாற்பது தளம், பழைய மென்பொருள், புதுப்பிக்க டெண்டர். வெளிநாட்டை மூடினதும் லாகில் வர்ற குப்பை பெரிய அளவில் குறையுது, அது உண்மை. கண்மூடித்தனமாத் தட்டிப் பார்க்கற தானியங்கி நிரல்களில் பெரும்பங்கு அதோட நின்னுடும். பெரிய தாக்குதல் நடந்துக்கிட்டிருக்கும்போது சில மணி நேரம் மூடறது புத்திசாலித்தனம்தான். நிர்வாகப் பக்கம், ஊழியர் நுழைவு, தரவுத்தளம் இதையெல்லாம் வெளிநாட்டுக்கு மட்டும் இல்லை, உள்நாட்டுக்கும் சேர்த்தே மூடணும்.

என் மறுப்பு, அந்த அவசர மருந்தை தினசரிச் சாப்பாடா ஆக்கறதில்தான். குப்பை குறைஞ்ச லாக், பாதுகாப்பான லாக் இல்லை. குறி வெச்சு வர்றவன் அந்தக் குப்பையில் ஒருத்தனா இருக்க மாட்டான். அவன் இந்திய முகவரியோட, திருடின பாஸ்வேர்டோட, அமைதியா வருவான். லாக் சுத்தமா இருக்கேன்னு நாம பார்க்காம இருக்கற நேரத்தில்.

வரிசையாச் செய்ய வேண்டியது

முதல் வேலை, மூல சர்வரை மூடறது. ப்ராக்ஸி தவிர வேற யாருக்கும் பதில் சொல்லாத மாதிரி, ஐ.பி.வி4, ஐ.பி.வி6 ரெண்டிலும். சர்வருக்குள்ள எழுதின ஃபயர்வாலை மட்டும் நம்பாம, வாடகை நிறுவனத்தின் வெளி ஃபயர்வாலிலும். பொதுச் சேவை ப்ராக்ஸியா இருந்தா தனிச் சான்றிதழோ சுரங்கமோ சேர்க்கணும். பிறகு வெளியே இருக்கற இன்னொரு கணினியில் இருந்து தட்டிப் பார்க்கணும். உள்ளிருந்து பார்த்தா எல்லாம் மூடினதாத்தான் தெரியும். ஏற்கெனவே வெளியே தெரிஞ்ச முகவரின்னா, மூடின பிறகு மாத்திடறது நல்லது.

ரெண்டாவது, பக்கங்களைப் பிரிக்கறது. அரசாணை, படிவம், புயல் எச்சரிக்கை, கடல் நிலவரம் போன்றவை யாரும் படிக்கலாம். எழுத ஒண்ணும் இல்லாத நிலையான பக்கங்கள். ப்ராக்ஸியே நகல் வெச்சுக்கிட்டுக் கொடுத்துடும், மூல சர்வருக்குச் சுமையே வராது. இதை மூடறதுக்கு ஒரு காரணமும் இல்லை. நிர்வாகப் பக்கம் வி.பி.என்-க்குப் பின்னால் போகணும். இடையில் இருக்கற விண்ணப்பம், உள்நுழைவு மாதிரிப் பக்கங்களுக்கு வேகக் கட்டுப்பாடும் ரெண்டாவது சரிபார்ப்பும் போதும். வெளிநாட்டில் இருந்து வந்தா கூடுதலா ஒரு கேள்வி கேளுங்க. கதவைச் சாத்தாதீங்க.

மூணாவது, அப்பவும் தடுத்தே ஆகணும்னா சொல்லிட்டுத் தடுங்க. தமிழில் நாலு வரி: இந்தப் பக்கம் வெளிநாட்டில் இருந்து திறக்காது, இந்தத் தேதி வரைக்கும், இந்தக் காரணத்தால், உங்களுக்கு அவசரம்னா இந்த எண்ணுக்குப் பேசுங்க. சுத்திக்கிட்டே நிற்கற வெள்ளைத் திரை, வந்தவரை மதிக்காத செயல்.

கடைசியா, ஒவ்வொரு தடைக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதி வைங்க: இது எந்தத் தாக்குதலைத் தடுக்குது, யாரோட வேலையைக் கெடுக்குது. முதல் பாதிக்கு எழுத ஒண்ணும் தோணாத தடைகளை அடுத்த மாசம் எடுத்துடலாம். ரெண்டாவது பாதிக்கு எழுத ஒண்ணும் தோணலைன்னா, வெளியே நிற்கறவங்க யாருன்னு இதுவரைக்கும் யாரும் போய்க் கேட்கலைன்னு அர்த்தம்.